கோடனார் பெயரால் வழங்கும் ஆங்கிலச் சொல்

வெண்திரை நாட்டுக்கு நிழல்தரும் குடையினர், மன்னர் பரிதிக்கோ அவர்களின் திருமுன், துறைமுக வரவேற்புரிமை பெற்ற கோடனார் குடியின் மூத்தவர் பெருந்தேவக் கோடனார் பணிந்து விடுக்கும் ஓலை. குடை தாழாதிருக்க; துறையில் கலம் குறையாதிருக்க.

ஆங்கிலேயர் வழங்கும் ‘கோடனிசம்’ என்ற சொல் எவ்வாறு பிறந்தது என்று மன்னர் கேட்டருளினார். பெரிய பொருள் எதைக் கண்டாலும் மயங்கி வணங்கும் குணம் என்பதே அதன் பொருள். அச்சொல்லை நீக்கும்வரை ஆங்கிலேயரின் கப்பலை விடலாகாது என்று முறையிட்டவரும் இதே கோடனார்தான்.

துறையில் இறங்குபவற்றுள் எது பெரிதோ அதற்கே முதல் மாலை என்பது அக்குடியின் வழக்கம். சென்ற ஆண்டு அக்கப்பலிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு பீப்பாய் இறங்கியது. பெரியவர்கள் மூடுபல்லக்கில் வருவதுபோல் தூதர் அதற்குள் வீற்றிருக்கிறார் என்று கோடனார் கருதினார். மாலை சூட்டினார், பன்னீர் தெளித்தார், பயணக் களைப்பு உண்டோ என்று நாட்டின் சார்பில் வினவினார். பதில் வராததைப் பெருந்தன்மை என்று மெச்சினார். பின்னால் வந்த குள்ளமான மனிதரைப் பீப்பாயின் பணியாள் என்றெண்ணி ஓரமாக நிற்கச் சொன்னார். அவரே தூதர். பீப்பாயில் உப்பிட்ட மீன் இருந்தது. அன்று மாலையே மாலுமிகள் அச்சொல்லைப் புழங்கத் தொடங்கினர். இவ்வாண்டு அக்கப்பல் அச்சொல் ஏறிய அகராதியுடன் திரும்பி வந்தது.

குடிப்பெயரைக் காக்க நேற்று கோடனார் கப்பலுக்கே சென்று, சொல்லை அகராதியிலிருந்து அடித்துவிடுமாறு கடுமையாகக் கேட்டார். தூதர் மறுக்காமல் எழுதுகோலை நீட்டினார். அகராதியை நால்வர் சுமந்து வந்தனர். அது கோட்டைக் கதவின் பாதியளவு இருந்தது.

கோடனாரின் மேல்துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது. கைகள் குவிந்தன. அவர் நூலை வலம் வந்து முடித்தார். பிறகு மொழிபெயர்க்கும் துபாசி தணிந்த குரலில் சொன்னார்:

“ஐயா, இதுக்குத்தானுங்க அந்தச் சொல்லே.”

கோடனார் எழுதுகோலைத் திருப்பிக் கொடுத்தார். இத்தனை பெரிய நூலில் தம் குடிக்குக் கிடைத்த இடத்தைத் தம் கையாலேயே அழிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே அம்முறையீடு திரும்பப் பெறப்படுகிறது. மன்னர் இசைந்தருளின், துறைக்காவலர் கப்பலை விடுக. அடுத்த முறை தூதருக்கே மாலை சூட்டுக, அவர் எத்தனை சிறியவராயினும்.

இதற்குச் சான்றாகக் குடியின் அரக்கு முத்திரை இடப்பட்டது. சிறிய முத்திரையே போதும் என்றார்கள் குடியினர், பெரியதே இடப்பட்டது.