கேட்டு வாங்கிய கொசுறு

இன்று காலை, புதிதாகத் திறந்திருக்கும் மீன் கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவு, எண் ஓடும் தராசு எல்லாம் உண்டு. அரைக் கிலோ மத்தி கேட்டேன். எண் கொஞ்சம் கூடிவிட்டது. கடைக்காரர் ஒரு மத்தியை எடுத்துத் திரும்ப ஐஸில் போட்டார். அவர் செய்ததில் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மனுஷன் இன்றைக்கு வியாபாரம் செய்திருக்க முடியாது.

காரைக்கால்மேட்டிலிருந்து தலையில் மீன் அன்னக்கூடையோடு எங்கள் தருமபுரம் தெருவுக்கு வருவாய். என் தையல் கடை வாசல்தான் உன் கடையும். ஒரு கூறு காரப்பொடி மீனை என் சட்டியில் கொட்டுவாய். கூடையை மூடுவாய். அப்புறம் ஏதோ மறந்தவள் போலத் திறந்து இன்னொரு கை அள்ளிப் போடுவாய். தினமும் அதே நாடகம். வாய் மட்டும் அதற்குள் வேறு ஊர்க்கதைக்குப் போயிருக்கும்.

ஒருநாள் என் மகள், பள்ளிக்கூடத்தில் சொற்பொருள் எழுதி வரச் சொன்னார்கள், கொசுறு என்றால் என்ன என்று கேட்டாள். கூடுதல் என்று எழுதிக்கொள் என்றேன், ஊசியில் நூல் கோத்தபடி. நீ விடவில்லை.

“கூடுதல்னா அதுக்கும் காசு உண்டு பாப்பா. வெல கூடும், கூலி கூடும், அதெல்லாம் கணக்குல வரும். கொசுறு தானா வரணும். கேட்டு வாங்குனா அதுக்குப் பேரு பேரம்.”

“அப்ப என்னன்னு எழுத?”

“நாளைக்கும் வாங்கன்னு அர்த்தம். எழுதிக்க.”

அப்படியே எழுதிக்கொண்டு போனாள். டீச்சர் அதை அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்திருந்தார். உன்னிடம் சொன்னேன். “அவங்களுக்கு யாரும் கொசுறு போட்டதில்ல போலருக்கு, பாவம்” என்றாய்.

பிறகு சுனாமி வந்தது. உன் வீடும் கூடையும் போயின. புருஷனையும் பிள்ளைகளையும் கடல் உனக்கு விட்டுவைத்தது. படகுகள் மறுபடி போகத் தொடங்கியபோது மீன் வந்தது, வாங்கத்தான் ஆளில்லை. ஆட்களை வாரிக்கொண்டு போன கடலின் மீனை எப்படித் தின்பது என்று ஊரே முகம் சுளித்தது. என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். நானும் மீன் சட்டியைக் கவிழ்த்தே வைத்திருந்தேன், பொய் சொல்லவில்லை.

நீ இரவல் கூடையோடு வந்தாய். தெருவைச் சுற்றிவிட்டு, சுமை குறையாமல் என் வாசலில் இறக்கினாய்.

“இன்னைக்கும் விக்கலன்னா கூடையக் குடுத்துட்டு திருப்பூருக்குப் போயிடலாம்னு இருக்கோம்க்கா. அவுகளுக்கு அங்க ஏதோ வேல இருக்காம்.”

நான் உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்தேன். நீ கூடையைத் தொடவில்லை.

“பாவம் பாத்து வாங்காதீங்கக்கா. நிவாரணம் வாங்கி வாங்கிக் கை கூசிப்போச்சு.”

பாவம் பார்த்துத்தான் வந்திருந்தேன். அது உனக்கு எப்படித் தெரியாமல் போகும்? “போடுடி” என்று அதட்டினேன். ஒரு கூறு போட்டாய். மூடினாய். திறக்கவில்லை. அந்த மூடிய கூடையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. சட்டியை மறுபடி நீட்டினேன்.

“கொசுறு எங்கடி?”

நிமிர்ந்து பார்த்தாய். “நீங்களா கேக்குறீங்க?”

“ஆமா, கேக்குறேன். பாவம் பாக்குறவ கொசுறு கேப்பாளா? இம்புட்டூண்டு போட்டுட்டு ஒரு கூறுங்குற?”

உனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூடைக்குள் கைவிட்டாய். “தச்ச ரவிக்கைக்கு ஒரு ஊக்கு கூட வச்சுத் தர மாட்டாங்க, பேரம் பேச வந்துட்டாங்க” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாய். நானும் விடவில்லை. சண்டையென்று நினைத்து எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்தார். வந்தவர் அரை மனதாக ஒரு கூறு வாங்கினார். தெருவில் மற்றவர்கள் திரும்ப வாங்க இன்னும் பல நாள் ஆனது. ஆனால் நீ திருப்பூர் போகவில்லை. அன்று மதியம் குழம்பு வைத்து முதல் வாய் நான்தான் தின்றேன். வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் தட்டையும் என் பக்கம் நகர்த்தினார்.

போன அடைமழைக் காலத்தில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. வாசலில் சண்டை போட்ட அன்று நீ சொன்ன பேச்சுக்கு ரோஷப்பட்டு, அன்றிலிருந்து எல்லா ரவிக்கையிலும் ஓர் ஊக்கு கூடவே வைக்கிறேன். உள்தையலில் துணியும் தாராளமாக விடுகிறேன். உடம்பு பூசினால் பிரித்துக்கொள்ளலாம். யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

கொசுறை நான் கேட்டு வாங்கியது அந்த ஒரு தடவைதான். உன் கணக்கில் அது பேரம். இருக்கட்டும். நாளைக்கும் வா என்று உன்னிடம் சொல்ல அன்றைக்கு எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.