ஆயுத பூஜைக்குப் போட்ட உன் டியூபா

அன்பு மகள் தர்ஷினிக்கு, மூக்கண்டப்பள்ளிச் சக்கரவர்த்தியும் உன் ஒரே சித்தப்பாவுமாகிய மோகன்குமார் எழுதுவது. இங்கே எல்லோரும் கல்லுப்போல இருக்கிறோம், நீ ஜெர்மனிக் குளிரில் விறைக்காமல் இருக்க வேண்டியது. இப்போது நான் சொல்லப்போவதை ஓசூரில் ஒருவனும் நம்ப மாட்டான், நீயும் நம்ப மாட்டாய், இருந்தாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தே தொடங்குகிறேன்.

தை மாதம் உன் தம்பி சக்தி கல்யாணத்துக்கு வரலாமா, அப்பா முகம் கொடுத்துப் பேசுவாரா என்று கேட்டிருந்தாய். இன்ஜினியர் வேலையை உதறிவிட்டு, அண்டா வாய் வைத்த அந்த டியூபா என்கிற பித்தளைக் குழாயைக் கட்டிக்கொண்டு நீ ஊதப் போன நாளிலிருந்து என் அண்ணன் சுடலைமுத்து உன் பேரை எடுத்ததில்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று ஆயுத பூஜையன்று நம் பட்டறையில் சாமிப் பாட்டு முடிந்த கையோடு நீ ஊதி அனுப்பிய பாட்டை ஸ்பீக்கரில் போட்டேன். கூல் ஜாஸாம்! ஆறின கஞ்சி பழங்கஞ்சி, அதற்கு ஒரு கச்சேரி வேறு. நம்மூர்த் தவில்காரர் தோளைக் குலுக்கினால் பந்தியில் இலை ஆடும். உங்கள் டிரம்காரனோ கம்பித் துடைப்பத்தால் ஒட்டடை அடிக்கிறான். இன்னொருவன் புல்லாங்குழலில் கொட்டாவி விடுகிறான். பியானோக்காரன் லீவு போலிருக்கிறது. நடுவில் உன் டியூபா, சினை எருமை பெருமூச்சு விடுவதுபோல. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நான் ஒரு படி பொரியைத் தின்று தீர்த்தேன்.

அந்நேரம் ஃபிட்டர் வெங்கடப்பன் காதைத் தீட்டிக்கொண்டு எழுந்தான். மெஷினெல்லாம் நிறுத்திப் பொட்டு வெச்சாச்சு, அப்பவும் எங்கியோ காத்து லீக் ஆவுதே சார் என்று கம்ப்ரசரிடம் ஓடினான். அதன் மாலையைக் கழற்றி வால்வை இறுக்கினான், சோப்புத் தண்ணீர் தடவினான், குழாய்க்குக் குழாய் காதை வைத்தான். அதற்குள் உன் இசையின் மகிமையால் தொழிற்பேட்டை முழுக்கக் குறட்டை. ராகி மேய வந்த தேன்கனிக்கோட்டை யானைகள் நம் கேட்டருகே சாய்ந்து உறங்கின. லாரிகள் கர்நாடக எல்லை தாண்டியும் வரிசையில் நின்றன. கடைசியில் கசிவு ஸ்பீக்கரில் என்று கண்டுபிடித்து வெங்கடப்பன் ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினான். திருஷ்டிப் பூசணிக்காயும் கையுமாக வாசலில் நின்ற உன் அப்பா, ஏ வெங்கடப்பா, கைய எடுடே, அது லீக்கு இல்ல, எம்மவ மூச்சு என்றார். பாட்டு முடிகிறவரை பூசணிக்காயை உடைக்கவே இல்லை.

ஆகவே டிக்கெட்டைப் போடு. அண்டாவைக் கொண்டுவராதே, உன் சித்தி ஜெயமணி அதில் கல்யாண ரசம் வைத்துவிடுவாள். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், ஊதுகிறவளுக்கு நெஞ்சுதான் முதல். குலசாமி உன்னைக் காக்கட்டும், உன் இசையை மன்னிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா மோகன்குமார்

பி.கு. யானை பொய். லாரி பொய். குறட்டையும் என்னுடையது மட்டும்தான். உன் அப்பா சொன்னது மெய். அது உன் பாட்டு என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.