பின்னங்காலில் நாலு கணு

அன்புள்ள பென்சிலுக்கு,

நான் நலம். என் கோபம் அதைவிட நலம். உன் கைக்குழந்தை இப்போதாவது உன்னைத் தூங்க விடுகிறாளா? ஊர் மாறிப் போன ஆறு மாதத்தில் நீ போட்டது ஒரே ஒரு கடிதம். அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். இன்றைக்கு வேறு சண்டை.

கிளம்புவதற்கு முன் கடைசியாக வரைந்தாயே, மரப்பிசின் கட்டிக்குள் மாட்டிப் புதைபடிவமாகிப்போன வண்டு, அதைப் பற்றித்தான். இன்றைக்கும் உயிரோடு திரிகிற அதன் சொந்தக்கார வண்டுகளைப் போலவே, முதுகில் பாதிவரைக்கும்தான் ஓடு, அரைச்சட்டை போட்ட மாதிரி. அதனால் இரண்டும் ஒரே இனம் என்று நம் துறைத்தலைவர் கட்டுரையே எழுதி முடித்துவிட்டார்.

நான் பின்னங்காலின் கணுக்களை எண்ணினேன். உயிரோடு இருப்பவற்றுக்குப் பாதத்தில் ஐந்து கணு. இதற்கு நாலு. ஒடிந்திருக்குமோ என்று கட்டியை இன்னும் கொஞ்சம் தேய்த்து மறுகாலையும் பார்த்தேன். அதிலும் நாலுதான், நுனியில் நகம் முழுசாக இருக்கிறது. நகம் இருக்கிற கால் எப்படியடி ஒடிந்த காலாகும்?

தலைவரிடம் போய்ச் சொன்னேன். மைக்ரோஸ்கோப் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. உன் படத்தை எடுத்து மேசையில் போட்டு, அந்தப் பொண்ணு கண்ணுக்கு எதுவும் தப்பாதும்மா, அஞ்சு போட்டிருக்கா பாரு என்றார். ஆமாம், நீ அஞ்சுதான் போட்டிருக்கிறாய். பன்னிரண்டு வருஷமாக உயிருள்ள வண்டுக்கெல்லாம் அஞ்சு அஞ்சாகப் போட்டுப் பழகிய கை, கண்ணைக் கேட்காமலே இதற்கும் போட்டுவிட்டது. இந்த ஆறு மாதமும் அந்தப் படத்தை நம்பி நானும் எண்ணாமல்தான் இருந்தேன். என் மேலும் தப்பு உண்டு.

முதல் தேதி கட்டுரை அச்சுக்குப் போகிறது. அதில் உங்களோடு சேர்த்துப் போட்ட என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அப்படியானால் மேசையைக் காலி பண்ணு என்றார். மாட்டேன் என்றேன். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். நாற்காலியை எடுக்க வந்த குமாஸ்தா என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, அப்புறம் வரேன்மா என்று நழுவிவிட்டார்.

ஒரு கணுதானே, விட்டுக்கொடுத்தால் என்ன என்கிறார் வீட்டுக்காரர். ஒரு கணுதான். அதன் கால் கணுவைக்கூட ஒழுங்காக எண்ணாமல் இன்னொன்றின் பெயரை அதற்குச் சூட்ட என்னால் ஆகாது. வேலை போனால் போகட்டும்.

ஆனால் உன் படம் தப்பு என்று தலைவரிடம் வாய்விட்டுச் சொல்ல மட்டும் எனக்கு நாக்கு எழவில்லை. அது உன் வாயால் வரட்டும் என்று காத்திருக்கிறேன். முதல் தேதி வரைக்கும்தான். அதற்கப்புறம் நீ சும்மா இருந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன், உன் மனசு நோகும் என்று தெரிந்தே சொல்லிவிடுவேன்.

இரண்டு காலையும் போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். குழந்தை தூங்கும்போது பார்.

உன் கை நன்றாக இருக்க வேண்டும். இன்னும் ஆயிரம் வண்டு வரைய வேண்டும். இதற்கு மட்டும் நாலோடு நிறுத்தடி.

உன்மேல் கோபம் தீராத, உன்னை விட்டால் வேறு தோழியும் இல்லாத,
முசுடு