இறக்கை விரித்த ஆட்காட்டி

நூலகத்துக்குள் நுழைந்தாலே இப்போது வார்னிஷ் வாசனை. ஜன்னல் திறக்காத அறை என்பதால் இரண்டு மாதமாகியும் போகவில்லை. முன்பு அங்கே பழைய தாளும் அந்துருண்டையும் கலந்த வாசனை இருக்கும். அது உனக்குத் தும்மலையும் எனக்குப் பசியையும் கிளப்பும் என்று கேலி செய்வாய். இப்போது மூச்சை இழுத்தால் தொண்டைக்குக் கசப்பாக ஏதோ ஏறி வருகிறது. அந்த வாசனை வருவது உன் படத்தின் சட்டத்திலிருந்து.

நீ எடுத்த படம். ஓர் ஆட்காட்டி இரண்டு இறக்கைகளையும் விரித்து, அலகைப் பிளந்துகொண்டு, தரிசு வயலில் நிற்கிறது. அடியில் தங்க நிறத்தில் 'தாயன்பு' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே உன் பெயர், வகுப்பு. எந்தப் படத்தை அழித்துவிடு என்று என்னிடம் சொன்னாயோ, அதே படம். அழித்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். அழிக்கவில்லை.

போன திங்கட்கிழமை மதியம் எட்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"அக்கா, நீங்கதானே கூட இருந்தீங்க? இது ரெக்கையை விரிக்கணும்னா என்னக்கா செய்யணும்?"

"ஏன் கேக்குற?"

"எங்க வயல்ல முட்டை வச்சிருக்குக்கா. எங்கண்ணன் போன் வாங்கிருக்கான். இதே மாதிரி எடுக்கணும்."

"கிட்டப் போனா விரிக்குமாக்கா?" என்றாள் மற்றவள்.

நான் வெளியே போனேன். குழாயடியில் குனிந்து வாயைக் கொப்பளித்தேன். கொப்பளித்துத் துப்பிய பிறகும் அந்தக் கசப்பு போகவில்லை.

சென்ற சித்திரையை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த உன் மாமா தன் பழைய கேமராவை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். லென்ஸ் மூடி தொலைந்துபோன கேமரா. அதற்கு ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைப் போட்டு வைத்திருந்தாய். நான் நூலகத்திலிருந்து எடுத்த பறவைப் புத்தகத்தோடு வருவேன். நீ கேமராவோடு வருவாய். குடவாசல் பஸ் போகும் சாலையைத் தாண்டினால் உங்கள் வயல். அதற்கு மேல் நாம் எங்கும் போனதில்லை. போக வேண்டிய தேவையும் இருந்ததில்லை. வாய்க்கால் மதகில் மீன்கொத்தி, மின்கம்பியில் பனங்காடை, எருமை முதுகில் மைனா. எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன.

புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நான் சொல்லும் விவரங்களை நீ பாதிதான் கேட்பாய். "உன் பொஸ்தகத்துக் குருவி பீ போடுமாடி? இது போடும், பாரு," என்று தோளைக் காட்டுவாய். உண்மையிலேயே மைனா போட்டிருக்கும்.

உளுந்து பிடுங்கிய வயலில் அந்த ஆட்காட்டியைப் பார்த்தோம். ஆள் வருவதைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டும் பறவை. கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றியது. நீதான் முட்டைகளைக் கண்டுபிடித்தாய். கூடு என்று எதுவும் இல்லை. ஒரு சின்னப் பள்ளம், ஓரமாக நான்கைந்து மண்கட்டிகள், உடைந்த நத்தை ஓடு ஒன்று. நடுவே மண்ணின் நிறத்திலேயே கரும்புள்ளிகளோடு நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்பக்கம் சேர்ந்தபடி. நீ உடனே என் கையைப் பிடித்து வரப்புக்கு இழுத்துப் போனாய். அங்கே நின்று ஒரு படம் எடுத்தாய். அதில் வயல் பெரியதாகவும் பறவை மூக்குத்தி அளவிலும் இருந்தது.

"ஒண்ணுமே தெரியலயே," என்றேன்.

"அது கத்தாம உக்காந்திருக்கு பாரு. இதுதான் சரியான தூரம்," என்றாய்.

எனக்கு அது போதவில்லை. புத்தகத்தில் இருக்கும் படங்களில் பறவையின் கண்ணில் வானம்கூடத் தெரியும். எனக்கு அப்படி ஒரு படம் வேண்டியிருந்தது. நாளைக்கு வந்தால் மண்கட்டிகளுக்கு நடுவே முட்டைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கவலையும் வந்தது. உளுந்து வயலில் குருவிகள் உட்கார்ந்து புழுக்களைத் தின்னட்டும் என்று குறுக்குக்கட்டை கட்டிய குச்சிகளை நட்டு வைப்பார்களே, அறுவடை முடிந்தும் பிடுங்காமல் நின்ற அந்தக் குச்சிகளில் ஒன்றைப் பிடுங்கிவந்து முட்டைகளிலிருந்து மூன்றடி தள்ளி நட்டேன்.

"எதுக்குடி அது?"

"அடையாளத்துக்கு."

"அடிப் புத்திசாலி! நாம வந்தா அதுவே கத்திக் காட்டிக்குடுக்கும். குச்சி எதுக்கு?"

"நீ சும்மா இரு," என்றேன். நீ சும்மா இருந்தாய். அப்போது நீ பிடுங்கிப் போட்டிருந்தால் என்று எத்தனையோ முறை உன்மேல் கோபப்பட்டிருக்கிறேன். என் தவற்றில் உனக்கும் ஒரு பங்கு கொடுக்கப் பார்க்கும் இந்தப் புத்தியை நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் அந்தப் படத்தை எடுத்தோம். பதினொரு மணி வெயில். நீ மண்டியிட்டு கேமராவைப் பிடித்துக்கொண்டாய். நான் முட்டைகளை நோக்கி நடந்தேன். ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அதுவரை சுற்றிச் சுற்றிக் கத்திய பறவை திடீரென்று தரையில் இறங்கி, என் கைக்கும் முட்டைகளுக்கும் நடுவே வந்து நின்றது. அதன் வயிற்று இறகுகள் ஈரமாக ஒட்டியிருந்தன. வெயிலில் முட்டைகள் வேகாமலிருக்க, வாய்க்காலில் எஞ்சிய தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து உட்காரும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அது அதற்காகத்தான் வந்திருக்கிறது என்பது தெரிந்தும் நான் நகரவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று. தெரியாமல் செய்யவில்லை. படித்தவள், தெரிந்துகொண்டே செய்தேன்.

"போதும்டி, வா," என்றாய்.

"ரெக்கையை இன்னும் விரிக்கட்டும்."

"பயப்படுதுடி அது."

"ஒரே ஒரு நிமிஷம்."

கையை இன்னும் ஒரு சாண் நீட்டினேன். அது இறக்கைகளை முழுதாக விரித்தது. அலகுக்குள் நாக்கு தெரிந்தது. நீ அழுத்தினாய்.

மூன்றாம் நாள் போனபோது ஆட்காட்டி கத்தவில்லை. நான் நட்ட குச்சியின் குறுக்குக்கட்டையில் ஒரு காக்கை உட்கார்ந்து அலகை இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டிருந்தது. வயலெல்லாம் தரையோடு தரையாகக் கிடக்க, அதற்கு உட்கார ஓர் இடத்தை, அதுவும் முட்டைகளுக்குப் பக்கத்திலேயே, நான் செய்து கொடுத்திருந்தேன். பள்ளத்தில் ஓட்டுத் துண்டுகள். மஞ்சள் கரு மண்ணோடு சேர்ந்து கெட்டியாகியிருந்தது. ஓர் ஓட்டுக்குள் மூடிய கண்ணோடு, பிசுபிசுவென்று நனைந்த பஞ்சுபோல் பாதி வளர்ந்த குஞ்சு. எறும்புகள் அதன்மேல் வரிசையாகப் போய் வந்துகொண்டிருந்தன. அந்த நாற்றம் இப்போதும் வருகிறது. வார்னிஷுக்குக் கீழே அதுதான் இருக்கிறது.

நீ வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாய். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படத்தை அழிச்சிடு. கேமராவுல நான் அழிச்சிடறேன். உங்கண்ணன் லேப்டாப்புல ஏத்தினதை நீ அழிச்சிடு," என்றாய். அன்று மாலையே, "அழிச்சிட்டியா?" என்று கேட்டாய். "ம்," என்றேன். என் கண்ணையே பார்த்துவிட்டு, "சரி," என்றாய். நீ நம்பினாயா, நம்பியதுபோல் இருந்தாயா என்று எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாய். ஐந்தாம் நாள் உன்னைக் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி மேலும் எழுத என்னால் முடியாது.

பொங்கல் கழிந்து தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "அவ எடுத்ததுல நல்ல படமா ஒண்ணு குடும்மா, நூலகத்துல மாட்டுவோம்," என்றார். பத்துப் படங்கள் கொண்டுபோனேன். பத்தாவதாக அதை ஏன் வைத்தேன்? உன்னை எல்லோரும் மெச்ச வேண்டும் என்ற ஆசை. எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள் என்றும் தெரியும். எடுத்தார்கள்.

படத்திறப்பு விழாவைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். சிறப்பு விருந்தினராக வந்தவர், "தன் குஞ்சுகளை அணைக்க இறக்கை விரிக்கும் இந்தத் தாயைப் பாருங்கள்," என்று பேசி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்தில் குஞ்சே இல்லை. பிறகு அதே கைக்குட்டையால் நெற்றியையும் துடைத்துக்கொண்டு படத்தின் முன்னால் நின்று செல்பி எடுத்தார். நான் அவருக்கான சால்வையைத் தட்டில் ஏந்திக்கொண்டு நின்றேன். தோழியின் படத்தைப் பத்திரமாகப் பாதுகாத்ததற்காக எனக்கும் ஒரு புத்தகம் பரிசாகத் தந்தார்கள். புதுப் புத்தகம் கிடைத்தால் பஸ்ஸிலேயே பிரித்துவிடும் எனக்கு அதன்மேல் சுற்றிய காகிதத்தைப் பிரிக்க இன்றுவரை கை வரவில்லை.

எட்டாம் வகுப்பில் இப்படி ஒரு படத்தைப் பார்த்திருந்தால் அந்த இரண்டு பெண்களும் கேட்டதை நானும் கேட்டிருப்பேன். படம் சுவரில் இருக்கும்வரை யாராவது ஒருத்தி கேட்டுக்கொண்டேதான் இருப்பாள். செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியையிடம் போய், படத்தை இறக்கிவிடுங்கள் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"நீ பரீட்சைப் பயத்துல எதையோ போட்டுக் குழப்பிக்கிற," என்றார். "அவங்க அம்மாவுக்கும் ஒரு பிரதி சட்டம் போட்டுக் குடுத்திருக்கோம். பெத்த மனசு அதைப் பார்த்துத்தான் ஆறுது. இறக்கினா அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

அன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். நான் அத்தை என்று கூப்பிடும் உன் அம்மா வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. பத்தாவது பரீட்சையை வச்சுக்கிட்டு இங்க என்ன பண்ற?"

கூடத்துச் சுவரில் மாலை போட்ட உன் படம் மட்டும் இருந்தது. ஆட்காட்டிப் படம் இல்லை. கேட்டேன்.

"பீரோவுக்குப் பின்னாடி வச்சிருக்கேன். செவத்தைப் பார்க்கத் திருப்பி," என்றார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏன் அத்தை?"

"அது கத்துதும்மா. அன்புன்னு எழுதிருக்காங்க, எங்க இருக்கு அன்பு? ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் அப்படித்தான் வாயைத் தொறந்துகிட்டு நின்னேன். அதைப் போய் தெனம் பார்ப்பாங்களா?"

"டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள்லாம் ஆசையா கொண்டாந்து குடுத்தீங்க. எப்படிச் சொல்றது?"

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். கை நீட்டியது, குச்சி, காக்கை, நீ வாந்தி எடுத்தது, அழித்துவிட்டதாக உன்னிடம் சொன்னது. முறம் நின்றது. அத்தை உளுந்தை விரலால் கிளறினார். பிறகு ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

"பறவைகிட்ட ஒண்ணும் சொல்ல முடியாது. இவகிட்ட பொய் சொன்னதை இவகிட்டயே சொல்லிக்க. எனக்கு எதுக்கு அது?" என்றார். எழுந்து உள்ளே போய், திரும்பி வந்து, "நாளைக்கு நான் வரேன் இஸ்கூலுக்கு," என்றார்.

அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

புதன்கிழமை அத்தை வந்து நின்று சொன்னபிறகு தலைமையாசிரியை வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அவர் வந்து படத்தை இறக்கினார். அதே சட்டத்துக்குள், நீ வரப்பிலிருந்து எடுத்த முதல் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். கீழே உன் பெயர் மட்டும்.

"இதுல பறவை எங்கம்மா இருக்கு?" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தார் தலைமையாசிரியை.

அத்தை நேராகப் போய் விரலை வைத்தார். "இந்தா. உக்காந்திருக்கு."

எட்டாம் வகுப்புப் பெண்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். எறும்பு வரைக்கும் சொன்னேன். ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். அண்ணனிடம் போன் இருப்பவள் மட்டும் விடவில்லை.

"அப்ப எவ்வளவு தூரத்துல நிக்கணும்க்கா?"

"அது கத்தாத தூரத்துல."

"படம் நல்லா வராதேக்கா."

"வராது," என்றேன்.

நேற்று மாலை அண்ணனின் லேப்டாப்பைத் திறந்து அந்தப் படத்தை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று ஒருமுறை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். போய்விட்டது. அவ்வளவுதான் அதற்கு நேரம். சென்ற சித்திரையில் நீ கேட்டபோது இதைக்கூடச் செய்யாதவள் நான்.

படத்தில் சத்தம் கிடையாது. அதனால்தான் அதை எல்லோராலும் அன்பு என்று சொல்ல முடிந்தது. அந்தச் சத்தம் என் காதுக்குள் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தாலும், வரப்பில் கால் வைத்தாலும் கேட்கிறது. கேட்டவுடன் நின்றுவிடுகிறேன், இரண்டடி பின்னால் வருகிறேன். அதை அழிக்கச் சொல்லி நீ கேட்கவில்லை. வைத்துக்கொள்கிறேன்.