ஐம்பதாம் நம்பர் ஒயில்

அண்ணே,

இன்று காலை மகளின் ஓட்டோவுக்கு ஒயில் மாற்றக் கிளிநொச்சியில் ஒரு கராஜுக்குப் போயிருந்தோம். மெக்கானிக் அடியிலுள்ள நட்டைக் கழற்றியதும் சூடான பழைய ஒயில் கறுப்பாக இறங்கியது. அந்த மணம் வந்ததும் உங்கள் நினைவும் வந்துவிட்டது.

"அம்மா, சரியான வெயில். கொஞ்சம் தடிச்ச ஒயிலா விடட்டோ?" என்று அவர் கேட்டார்.

"என்ஜின் புதுசுங்க தம்பி. புத்தகத்துல போட்டிருக்கிறதையே விடுங்க" என்றேன்.

இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று அவர் சிரித்தார். எங்கள் அண்ணன் ஒருவர் இருந்தார் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் மகள் தொலைபேசியில் அழுது இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. 'இருந்தார்' என்ற சொல் இன்னும் வாய்க்குப் பழகவில்லை.

எழுபத்தேழுக் கலவரத்தில், மலையகத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் தண்ணீரூற்றுப் பக்கம் வந்து சேர்ந்தோம். நீங்களும் அந்த ஊருக்குப் புதியவர்தான். முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் ஓட்டிய குடும்பம். கடலை விட்டுவிட்டு, மனைவியின் காணியைச் செய்ய ஒரு பழைய உழவு இயந்திரத்தோடு வந்திருந்தீர்கள். அதன் முன்பக்கத்தில் மாதா படம் ஒட்டியிருந்தது. எங்கள் மலையகப் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரித்த காலம் அது. நீங்கள் முதல் நாளே என்னைத் "தங்கச்சி" என்றீர்கள்.

சில வருடங்கள் கூலி வேலை செய்து, காடு வெட்டிய காணியில் காலூன்றி, நாங்களும் ஒரு பழைய இயந்திரம் வாங்கினோம். அந்த வருடம்தான் வவுனியாவில் அதன் என்ஜினைப் பிரித்து, உள்ளே எல்லாம் புதிதாகப் போட்டுக் கொண்டுவந்திருந்தோம். ஆவணி மாதம். மழைக்கு முன் புழுதி உழுது விதைத்தாக வேண்டும். கச்சான் காற்று நெருப்பாக வீசியது. கராஜில் முப்பதாம் நம்பர் ஒயில் விடச் சொல்லியிருந்தார்கள்.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். "தம்பி, இந்த வெயிலுக்கு முப்பது தண்ணி மாதிரி இளகிப்போகும். தடிச்ச ஐம்பது விடுங்கோ. நான் ரெண்டு கோடையா ஐம்பதுதான் விடுறன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னீர்கள்.

உங்கள் வார்த்தையில் அந்தப் பக்கத்தில் பலருக்கும் நம்பிக்கை. கடலில் என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று அறிந்தவர் சொல்கிறார் என்று, ஏற்கெனவே சிலர் ஐம்பதுக்கு மாறியிருந்தார்கள். நாங்களும் மாறினோம். ஒயில் அமுக்கம் காட்டும் மீற்றரில் முள் நன்றாக மேலே நின்றது. என் வீட்டுக்காரருக்குப் பெரிய சந்தோஷம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கொஞ்ச நேரம் 'கடகட' என்று ஒரு சத்தம் கேட்கும். சூடானால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

பாதி வயல் உழுதிருந்தபோது ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் பெரிதாகி, இயந்திரம் இறுகி நின்றுவிட்டது.

முள்ளியவளையிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்தவரே நீங்கள்தான். அவர் அடிப்பக்கத்தைத் திறந்து பார்க்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தீர்கள். "எல்லாம் புதுசு, இடைவெளி இல்லை. இந்தச் சீனிப்பாணி மாதிரித் தடிச்ச ஒயில் அதுக்குள்ள எப்பிடிப் போகும்? முள்ளு மேல நிண்டது, ஒயில் போக ஏலாமல் முட்டினதாலதான்" என்றார் அவர். நீங்கள், "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். அவர் திரும்பச் சொன்னார். நீங்கள் எழுந்து எங்கள் முன்னால் வந்து நின்றீர்கள்.

"தங்கச்சி, நான் சொன்னது பிழை. உங்கட மிசின் என்ர கதையாலதான் நிண்டது."

என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. "விடுங்கண்ணே, வெயில் அப்படி" என்றார்.

"வெயிலில பழியைப் போடாதேங்கோ தம்பி."

சைக்கிளை எடுத்தீர்கள். சோறு சாப்பிட்டுவிட்டு வெயில் தணிந்ததும் போகலாமே என்றேன். "கடலில ஒருத்தருக்குப் பிழையாத் திசை சொல்லிப்போட்டுக் கரையில இருக்கேலாது. இப்ப அவையளின்ர மிசினும் ஓடிக்கொண்டிருக்கும்" என்று சொல்லி மிதித்தீர்கள். ஐம்பது விடச் சொன்ன வீடுகளுக்கெல்லாம் அன்று பொழுதுபடுவதற்குள் போய்வந்தீர்கள்.

முதலில் போனது எங்கள் பக்கத்துக் காணிக்காரரிடம். அதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவர் ஊரில் செல்வாக்கானவர். மனிதரை வெட்டிப் பேசக்கூடியவர்.

"அப்ப இனி உம்மட கதையை எப்பிடி நம்புறது?"

"நம்பாதேங்கோ. மெக்கானிக்கிட்டக் கேட்டுப்போட்டு விடுங்கோ. இப்ப மிசினை நிப்பாட்டுங்கோ."

நிப்பாட்டினார். அவருடைய என்ஜினும் பிரித்துப் பூட்டி அதிக நாள் ஆகாதது. தப்பியது.

மறுநாள் விடியும்போது உங்கள் இயந்திரம் எங்கள் வயலில் நின்றது. மிச்சம் முழுவதையும் நீங்களே உழுது தந்தீர்கள். உங்கள் வயல் அப்படியே கிடந்தது. அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. எங்கள் விதை மண்ணுக்குள் போன பிறகுதான் வந்தது. உங்களுக்கோ புழுதி விதைப்பே தவறிப்போனது. சேறடித்துப் பிந்தி விதைத்தீர்கள். அறுவடையில் அடுக்கிய உங்கள் நெற்கதிர்ச் சூடு எங்களுடையதைவிடச் சிறிதாக இருந்ததைப் பார்த்து நான் அழுதேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதையும். இந்த மனுசனோட இருக்கிறதெண்டால் இதெல்லாம் இருக்கும்" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு மிடுக்கு இருந்தது.

ஊர் உங்களுக்கு 'ஐம்பதார்' என்று பெயர் வைத்தது. சந்தியில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், "ஓம், சொல்லுங்கோ" என்று திரும்பிப் பார்ப்பீர்கள். கொஞ்ச நாளில் அந்தக் கேலி தானாகவே ஓய்ந்தது. பிறகு என்ன ஒயில் விடுவது என்று உங்களிடம் கேட்க வந்தால், "என்ஜின் எவ்வளவு பழசு? எப்ப பிரிச்சது?" என்று முதலில் கேட்பீர்கள். தெரியாவிட்டால் "எனக்குத் தெரியாது" என்பீர்கள். அதற்காகவே முன்பைவிட அதிகம் பேர் வந்தார்கள்.

அண்ணே, அன்று தப்பித்துக்கொள்ள உங்களிடம் ஒரு நல்ல சாட்டு இருந்தது என்பதை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். உங்கள் இயந்திரம் தேய்ந்து இடைவெளி விழுந்த என்ஜின். அதற்கு அந்த வெயிலில் ஐம்பது சரியாகத்தான் இருந்தது. மெக்கானிக்கே அன்று உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டிலும் நீங்கள் அதைச் சொல்லவில்லை. 'நான் சொன்னது பிழை' என்பதற்குப் பின்னால் ஓர் 'ஆனால்' போடவில்லை.

எனக்கும் பேத்திகள் வந்துவிட்டார்கள். இன்றைக்கும் ஏதாவது பிழைவிட்டால் அந்த 'ஆனால்' முதலில் என் நாக்கில்தான் வந்து நிற்கிறது. அதை விழுங்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். சில நாட்களில் முடிகிறது.

உங்கள்,
தங்கச்சி