நாலு மணி நேரம் கூட்டாத வீடு

என் மச்சானுக்கு, மேல போனதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுசனுக்கு,

உங்க மக இன்னிக்குச் சிங்கப்பூர் போயிட்டா. காலையில திருச்சியில ஏத்திவிட்டுட்டு, ஒத்தையாளா பஸ் பிடிச்சு இலுப்பூர் வந்து சேர்ந்தேன். சிங்கப்பூருல ஒரு ஆஸ்பத்திரியில அவளுக்கு நர்ஸ் வேலை. நீங்க இருபது வருசம் ஷிப்யார்டுல கெடந்த அதே ஊருதான். வேற ஊரே கெடைக்கலையா இவளுக்கு?

"நாலு மணி நேரந்தான்டி"ன்னு நீங்க சொல்லுவீங்கள்ல, இப்ப அவளும் அதையே சொல்றா. "மெட்ராசுக்கு பஸ்ஸுல போறதுல பாதி நேரம்மா." மூவாயிரம் கிலோமீட்டரை அப்பனும் மகளும் ஏதோ புதுக்கோட்டைக்குக் காய் வாங்கப் போற மாதிரிப் பேசுறீங்க. மேல பறக்குறவங்களுக்கு நாலு மணி நேரம். கீழ இருக்கறவளுக்கு எம்புட்டு நேரம்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா?

ஊருக்குப் போனவங்க போய் எறங்குற வரைக்கும் வீட்டைக் கூட்டக்கூடாதுல்ல. உங்களுக்காக எத்தனை தடவை அப்படிக் காத்துக் கெடந்திருக்கேன்! அங்க எறங்கினதும் போன் போட்டு, "எறங்கிட்டேன், வெளக்கமாத்தை எடு"ன்னு சிரிப்பீங்க. கோவம் கோவமா வரும். ஆனா அதைக் கேட்ட பெறகுதான் எனக்குச் சோறு எறங்கும்.

இன்னிக்கும் கூட்டலை. அவ சீவி எறிஞ்ச முடி, கிழிச்சுப் போட்ட கவரு, அவசரத்துல சிந்தின பவுடரு, எல்லாம் அப்படியே கெடந்துச்சு. உங்க தங்கச்சி வந்து எட்டிப் பாத்துட்டு, "என்ன அண்ணி, வீடு இந்தக் கோலத்துல கெடக்கு?"ன்னுச்சு. "ஒன் மருமக எறங்கட்டும்"னேன்.

நாலு மணி நேரம் தாண்டி அஞ்சும் ஆச்சு. போன் வரலை. ஒருவழியா வாட்சப்புல வந்தா. "எறங்கிட்டேம்மா, சிம் வாங்க லேட்டாயிருச்சு. வெளக்கமாத்தை எடும்மா."

அதே பேச்சு மச்சான். போனை வச்சுட்டு ஓன்னு அழுதுட்டேன்.

வெளக்கமாத்தை எடுத்தேன். கூட்டக் கை வரலை. கூட்டிட்டா இந்த வீட்டுல நான் மட்டுந்தான்.

அப்பத்தான் நீங்க போன அன்னிக்கு நடந்தது நெனப்புக்கு வந்துச்சு. "இனிமே ஊரோடதான்"னு வந்து ஒரு வருசங்கூட ஆகலை, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவருதான். உங்களைத் தூக்கிட்டுத் தெருமுனை திரும்பலை, அதுக்குள்ள வாளி வாளியாத் தண்ணி ஊத்தி வீட்டைக் கழுவிட்டாங்க. அதுதான் மொறையாம். எங்கிட்டுப் போறீங்க, எம்புட்டுத் தூரம், எத்தனை மணி நேரம், யாருக்காச்சும் தெரியுமா? எறங்கிட்டேன்னு ஒரு போன் வந்துச்சா?

சரி, எந்திரிச்சுக் கூட்டப் போறேன். புள்ளை நல்லபடியா எறங்கிட்டாள்ல. ஆனா அவகிட்ட ஒண்ணு சொல்லி வைக்கணும். நான் கெளம்புற அன்னிக்கு யாரும் வாளியைத் தூக்கிட்டு ஓடியாரக்கூடாது, ஒரு நாலு மணி நேரமாச்சும் பொறுக்கணும்னு.

அவசரமில்லை மச்சான். அவளுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி, பேரன் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சிட்டு மெதுவா வாரேன். வந்து எறங்கினதும் மொத வேலையா உங்களைத்தான் கூப்புடுவேன்.

இப்படிக்கு,
உங்க மாமன் மக
செல்வி