அந்தியேட்டி மலரில் வந்துவிட்ட ஆய்வு

என்ரை அண்ணைக்கு,

ஆய்விதழிலிருந்து பதில் வந்துவிட்டது. இரண்டு வருடமாக "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரியைப் பார்த்துப் பார்த்துச் சலித்தீர்களே, இப்போது ஏற்றுக்கொள்கிறார்களாம். நீங்கள் போய் எட்டு மாதம் கழித்து.

சந்தோசப்படத்தான் வேண்டும். ஆனால் மூன்று நாளாக அவர்களுடைய படிவம் மேசையிலேயே கிடக்கிறது.

"இந்த ஆய்வு வேறெங்கும் எந்த வடிவிலும் வெளிவரவில்லை" என்று கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். வந்துவிட்டதே அண்ணை! உங்கள் அந்தியேட்டிக்கு அடித்த நினைவு மலரில், தேவாரத்துக்கும் நன்றி நவிலலுக்கும் நடுவில், சுன்னாகத்துக் கிணற்று நீர் பற்றி நாமிருவரும் எழுதியது முழுவதும், அட்டவணைகளோடு.

யாரைக் குறை சொல்ல? "அவர் எழுதினது ஏதும் இருந்தாத் தா பிள்ளை, வெறும் தேவாரத்தோடை விட்டா அவரின்ரை மலர் மாதிரி இராது" என்று அண்ணி கேட்டா. தமிழாக்கி, பிழை திருத்தி, அச்சகத்துக்குக் கொடுத்தது நான்தான். பெயருக்கு விரிவுரையாளர்; இந்த விதி அந்த நேரம் மண்டையில் ஏறவேயில்லை. போதாக்குறைக்கு லண்டனில் இருக்கிற உங்கள் மகன் அதை இணையத்திலும் ஏற்றிவிட்டான்.

நேற்று அண்ணியிடம் சொன்னேன். "உவை என்ன தமிழ் வாசிக்கவே போகினம்? பேசாமல் கையெழுத்தை வை" என்றா.

நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஒரு கிணற்றின் அளவீட்டில் சந்தேகம் என்று உச்சி வெயிலில் திரும்பப் போனவர் நீங்கள். உங்கள் பதில் எனக்குத் தெரியும், அதுதான் கஷ்டம். உண்மையைச் சொல்லி, அவர்கள் மறுத்துவிட்டால்? இன்னோர் இதழ், இன்னும் இரண்டு வருடம். அதற்குள் தரவெல்லாம் பழசு என்பார்கள். உங்கள் பெயர் முதலாவதாக நிற்கிற ஒரே ஆய்வு இது.

இதழாசிரியருக்கு நடந்ததை நடந்தபடி எழுதி வைத்திருக்கிறேன். மலர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் எங்கள் வீடுகளில் கொடுக்கும் புத்தகம் என்று எழுதினேன். அந்த ஒருவர் நீங்கள்தான் என்பதையும் எழுத வேண்டி வந்தது. இவ்வளவு நாளும் நான் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை அண்ணை. அவர்களின் ஒவ்வொரு மின்னஞ்சலும் இன்றைக்கும் உங்கள் பெயரை விளித்துத்தான் தொடங்குகிறது. இதை அனுப்பினால் அதுவும் நின்றுவிடும்.

ஆனாலும் இன்றைக்கே அனுப்புவேன், சத்தியமாக. எத்தனை இதழ் மறுத்தாலும் உங்கள் பெயருக்குப் பிறகுதான் என் பெயர் வரும்.

உங்கடை தங்கச்சி